ஜும்ஆ நேரத்துச் சூடு

அவருடைய பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரைக்கு ஐந்து கால்கள் இருந்தன. ஐந்தாவது கால் இருக்கையின் அடியில், நட்டநடுவில் ஒட்டப்பட்டிருந்தது. கதிரையை இரண்டு மேசைகளுக்கு இடையில் பாலம்போலத் தூக்கி வைத்திருந்தார். அந்தக் காலிலிருந்து மணல் நிறைத்த வாளி ஒன்று தொங்கியது. நான் முதன்முதலாகப் பார்த்த அன்று வாளி தொங்கத் தொடங்கிப் பதினோராவது நாள். சுவரில் கரியால் பதினொரு கோடுகள் போடப்பட்டிருந்தன.

"என்ன ராத்தா இது?" என்று கேட்டேன். மூத்த சகோதரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஒட்டுத் தாங்குதா எண்டு பாக்குறன்."

"திருத்தக் குடுத்த கதிரையில ஒட்டிப் பாத்தாத் தெரியாதா?"

"அதுல ஆக்களக் குந்த வெச்சா பாக்கச் செல்லுறீங்க?" என்றார். பிறகு, தெருவில் எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்த தமது வசனத்தைச் சொன்னார். "முதல்ல, அழிஞ்சாப் பரவாயில்லாத ஒண்டுல அழிச்சுப் பாக்கணும் தம்பி."

நான் அப்போது கொழும்பில் அச்சாகும் ஒரு நாளிதழுக்குப் பிரதேசச் செய்தியாளன். கல்முனையை அடுத்த அந்தத் தெருவுக்குக் கலியாணம் முடித்துப் போனவன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். ஆகவே தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் மனைவியின் ஆட்கள். நான் மட்டும் வந்தவன். வந்த மறுநாளே என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டவர் அவர்தான்.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் கத்தாரில் சாரதி. ஒரே மகள். மகளின் கலியாணத்தோடு வீடு மகள் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டது. அவர் பின்வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு, தம்முடைய கட்டிலையும் தொழிலையும் அங்கே கொண்டுபோனார். தொழில், உடைந்த பிளாஸ்டிக் ஒட்டுவது. பேசின், வாளி, தண்ணீர்க் கான் எல்லாம் வரும். ஆனால் பெரும்பகுதி கதிரைகள்தான். கலியாண வீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விடும் கடைக்காரர்கள், ஒவ்வொரு கலியாணத்துக்குப் பிறகும் கால் பிளந்தவற்றையும் முதுகு வெடித்தவற்றையும் அடுக்கிக்கொண்டு வருவார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி அடுப்பில் மூன்று கத்திகள் மாறி மாறிச் சூடாகும். செத்த கதிரைகளிலிருந்து அறுத்தெடுத்த துண்டுகளைக் கத்தியால் உருக்கி வெடிப்புக்குள் இறக்குவார். துண்டுகள் நிறம் நிறமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். வெள்ளைக்கு மட்டும் நான்கு பெட்டிகள். வெள்ளை என்பது ஒரு நிறமல்ல என்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

புதிதாக எது வந்தாலும் அதைச் சோதிக்காமல் ஏற்கமாட்டார். அரிசி வாங்கினால் முதலில் ஒரு பிடியை மட்டும் ஆக்கிப் பார்ப்பார். மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தபோதும் அப்படித்தான். எல்லோரும் பையனின் படிப்பை விசாரித்துக்கொண்டிருக்க, இவர் வீட்டிலிருந்த பழைய தாச்சிச் சட்டி ஒன்றைக் கொடுத்து, "ஒங்கட உம்மா கேட்டிருந்தா, குடுத்திடுங்க" என்று அனுப்பினார். அந்த உம்மா கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் பையனே தாச்சியோடு வந்தான். "உம்மா கேக்கல்லயாம் மாமி. பிழையா எடுத்துட்டுப் போயிட்டன் போல" என்றான். தாச்சியின் அடிக்கரி தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது.

"கழுவினது அவனா, அவன்ட உம்மாவா எண்டு விசாரிச்சன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். "அவன்தான். மறுகா வேற என்ன பாக்குற?"

நானும் ஒருமுறை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் சந்தியில் மூடியில்லாத வடிகான் ஒன்றைப் பற்றிச் செய்தி எழுதியிருந்தேன். நாலடி ஆழம் என்று போட்டிருந்தேன். அடுத்த நாள் காலை, கதிரை ஒன்றின் முதுகைச் சுரண்டியபடியே கேட்டார்.

"நாலடி எண்டு ஆரு செல்லின?"

"சபை அலுவலகத்துல செல்லின."

"கம்பு விட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"நான் விட்டுப் பாத்தன். ரெண்டே முக்கால்." சுரண்டுவதை நிறுத்தாமல் சேர்த்துச் சொன்னார். "ரெண்டே முக்கால்ல விழுந்தாலும் கால் முறியும். அதுக்கு ஏன் நாலடி?"

திருத்தம் போடவேண்டிய அளவுக்குப் பெரிய பிழை அல்ல என்று ஆசிரியர் பீடம் சொன்னது. எனக்கு மட்டும் அது பல நாள் உறுத்தியது.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அவருக்குப் பத்து வருடமாக இருந்தது. வலது பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் சிராய் ஏறியதை அவர் உணரவில்லை. பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போயிருந்தது. கண்டபோது புண் ஆழமாகிவிட்டது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே காலை எடுத்தார்கள்.

காயம் ஆறியதும், மட்டக்களப்புப் பக்கத்தில் செயற்கைக் கால் செய்யும் நிலையம் ஒன்றில் அவருக்குக் கால் செய்து கொடுத்தார்கள். மேலே கிண்ணம்போல வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு, கீழே குழாய், பாதம். கூட்டை முதன்முதலாகக் கையில் வாங்கியவர், அதைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"கதிரச் சாமான்தான்" என்றார். அது உண்மை. பெயரை நான் பிறகு விசாரித்தேன். இரண்டும் ஒரே பிளாஸ்டிக் வகை.

சில மாதங்கள் நன்றாக நடந்தார். பிறகு தொல்லை தொடங்கியது. வெட்டிய கால் நாளடைவில் சுருங்கும், வடிவம் மாறும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு எலும்பு முனை இருக்கிறதல்லவா, அந்த இடத்தைக் கூடு அழுத்தத் தொடங்கியது. அவருக்கு வலிக்கவில்லை. மகள்தான் சிவப்பைக் கண்டாள். வைத்தியர் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார்: அந்த இடத்தில் புண் வந்து ஆறாமல் போனால், அடுத்த முறை முழங்காலுக்கு மேலே எடுக்க நேரும்.

முழங்கால் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. நிலையத்தில் காத்திருக்கும் வாங்குப் பலகையில் இரண்டு வகை ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை அவர் பார்த்திருந்தார்.

நிலையத்தில் கால் செய்கிறவர் தமிழ் ஆள், இளைத்தவர், வேகமானவர். கூட்டை வாங்கி, எலும்பு முனைக்கு நேராகப் பென்சிலால் வட்டம் போட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் அந்த இடத்தைச் சூடாக்கி, உள்ளேயிருந்து ஒரு மரக்குமிழால் வெளியே தள்ளினார். தேத்தண்ணி ஒன்று குடித்து முடிக்கும் நேரம்தான் ஆனது. ராத்தா கண் இமைக்காமல் பார்த்திருந்தார். சூடு ஏற ஏற வெள்ளைப் பிளாஸ்டிக் பளபளத்து, பிறகு கண்ணாடிபோலத் தெளிகிறது. தெளியும் அந்தக் கணத்தில் அது கைக்கு வளைகிறது. கதிரையில் பல ஆயிரம் தரம் கண்டதுதான். கத்தியால் கண்டது, காற்றால் காணவில்லை, அவ்வளவே.

ஆறு வாரத்தில் அழுத்தம் இடம் மாறித் திரும்பியது. நிலையத்துக்குப் போய்வர இரண்டு பஸ், ஒரு முழு நாள், அதுவும் புண்வரப் பார்க்கும் காலோடு. இரண்டாவது தடவை அவர் கால் செய்கிறவரிடம் நேராகக் கேட்டார்.

"இத நான் வீட்டுல செஞ்சா என்ன?"

அவர் நிமிர்ந்து பார்த்தாராம். "அம்மா, அது கதிரை இல்ல."

"கதிரச் சாமான்தானே."

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாராம். "காலில போட்டுக்கொண்டு ஒருநாளும் சூடாக்கப்படாது. கழற்றி, உள்ளுக்குப் போடுற மெத்தையையும் எடுத்துப்போட்டு, நான் வட்டம் போட்ட இடத்தை மட்டும். அடிப்பக்கம் தொடவே வேணாம். கன் வாங்கிறதெண்டா டிகிரி காட்டுறதா வாங்குங்க. நான் சொன்னதெண்டு ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

இவர் திரும்பி வந்து தெரு முழுக்கச் சொன்னார்.

வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் திரும்பவும் தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம் அது. கல்முனை பஸாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் மூன்று வகை ஹீட் கன் இருப்பதாக அறிந்து சொன்னேன். மகளும் நானும் ஓட்டோவில் கூட்டிப் போனோம். ஊன்றுதடிகள் இரண்டு, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

முதலாளி மூன்றையும் மேசையில் வைத்தார். ஒன்று சிறியது, சுவிச்சில் 'கொஞ்சம்', 'கூட' என்று இரண்டே நிலை. இரண்டாவதில் பின்பக்கம் திருகும் சில்லு, அதில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண். மூன்றாவதில் சின்னக் கண்ணாடித் திரை. எத்தனை டிகிரி என்று அதில் எண் ஓடும்.

அவர் பையைத் திறந்து, இரண்டு விரல் அகலத்தில் ஒரே அளவாக அறுத்த வெள்ளைக் கதிரைத் துண்டுகளை மேசையில் அடுக்கினார். பன்னிரண்டு துண்டு. ஒரு ஈர்க்குத் துண்டும் இருந்தது, சரியாக ஒரு சாண்.

"கறண்ட் எங்கால இரிக்கி?"

"ராத்தா, இது சாமான் கடை, பரீட்ச மண்டபம் இல்ல" என்றார் முதலாளி.

"பாஸானா வாங்குறன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி பிளக்கைக் காட்டினார். ஈர்க்கால் தூரம் அளந்து, துண்டுக்கு நேராகக் கன்னைப் பிடித்து, வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். சிறியதில் எட்டு எண்ணுவதற்குள் துண்டு மஞ்சளாகிப் புகைந்தது. அதைத் தள்ளி வைத்தார். சில்லு வைத்ததில், மூன்றாம் எண்ணில், நாற்பது எண்ண வெள்ளை தெளிந்தது. இன்னொரு துண்டு, நாற்பது. மூன்றாவது, நாற்பத்தொன்று. திரை வைத்ததிலும் மூன்று தரம் பார்த்தார். முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு.

"அதுதான் ராத்தா" என்றேன். "அவரும் டிகிரி காட்டுறதத்தானே வாங்கச் செல்லின."

அவர் இரண்டையும் கையில் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். மேசையில் வாய் மேலே பார்க்க நிறுத்தினால் சாயாமல் நிற்கிறதா என்று பார்த்தார். இரண்டும் நின்றன. கடைசியில் சில்லு வைத்ததை எடுத்தார்.

"ஏன்?" என்று மகள் கேட்டாள்.

"நம்பர் ஓடினா நான் நம்பரத்தான் பாப்பன். பிளாஸ்டிக்கப் பாக்க மாட்டன். தெளியுறது நம்பர்லயா, பிளாஸ்டிக்லயா?"

இன்றைக்கு யோசித்தாலும் அது அறிவுள்ள காரணமாகவே படுகிறது. அதனால்தான் அந்தப் பிழையை நான் மறக்கவில்லை.

வீட்டில் சோதனை தொடங்கியது. தினமும் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, கதிரை வேலை முடிந்ததும் துண்டுகளை எடுப்பார். கொட்டிலுக்குப் பின்னால், மரம் அறுத்து விற்கும் மரக்காலை ஒன்று இருந்தது. அறுவை வாள் குற்றிக்குள் இறங்கும் ஒவ்வொரு தடவையும் கதைப்பதை நிறுத்தி, வாள் வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்த வளவின் பழக்கம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் எண்ணுவார். முதல் நாள் நாற்பத்தைந்து வந்தது.

"கடையில நாப்பதுதானே?" என்றேன்.

"கடல் காத்து. சூட்டத் தள்ளிட்டுப் போகுது." கிழக்குப் பக்கம் தார்ப்பாய் கட்டினார். நாற்பத்து நான்கு. திருப்தியானார். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு நாள் தவறாமல் நாற்பத்து நான்கு. தட்டைத் துண்டில் பார்த்து முடித்து வளைந்த துண்டுக்குப் போனார். கதிரைக் காலொன்றை அறுத்துக் கூட்டின் பருமனுக்கு வளைத்து, அதில் பென்சில் வட்டம் போட்டு, உள்ளேயிருந்து தள்ளிப் பார்த்தார். தள்ளுவதற்கு ஒரு சிரட்டையை மணல்தாளால் மினுக்கி வைத்திருந்தார். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். சுவரோரம் குமிழ் விழுந்த வெள்ளைத் துண்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் துல்லியமாக இருந்தது. கூடு மட்டும் கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிக் கிடந்தது. காலைப் போடாமல் விட்டால் வடிவம் இன்னும் மாறும் என்று நிலையத்தில் எச்சரித்திருந்தார்கள்.

"உம்மா, கதிரத் துண்டெல்லாம் நடக்கத் தொடங்கிட்டு" என்றாள் மகள் ஒருநாள். "நீங்க எப்ப?"

அவர் அடுத்த துண்டில் பென்சில் வட்டம் போட்டார். எனக்கும் அப்போது ஒரு சந்தேகம் வந்தது. சோதிப்பதற்கு எல்லை இல்லை. அழிந்தால் பரவாயில்லாத துண்டுகள் ஆயிரம் இருந்தன. அழியக்கூடாதது ஒன்றுதான் இருந்தது. மனுசி பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

அவர் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். காரணம் எளியது. பட்டறைக்குப் பின்னொழுங்கையால் எந்த நேரமும் ஆண்கள் கதிரையோடு வருவார்கள். நண்பகல் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் மட்டும் தெருவில் ஒரு ஆண் இருக்கமாட்டான். கடைகள் பூட்டியிருக்கும், மரக்காலை நின்றிருக்கும். காலைக் கழற்றிப் போட்டுவிட்டு, முக்காடு நழுவுகிறதே என்ற கவலை இல்லாமல், ஒரு மணித்தியாலம் வேலை செய்யலாம். எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனையோ வேலைகளை அந்த ஒரு மணித்தியாலத்துக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

அன்று அவர் துண்டில் பார்க்கவில்லை. மூன்று வாரம் பார்த்தாயிற்று.

நான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது மகள் படலையில் நின்றாள். "உம்மா கதைக்கிறா இல்ல. ஒருக்கா வாங்க."

கொட்டில் வாசலில் நின்று சலாம் சொன்னேன். "வாங்க தம்பி" என்றார். கட்டிலில் இருந்தார், காலைப் போர்வை மூடியிருந்தது. மேசையில் கூடு. பென்சில் வட்டம் இருந்த இடம் குமிழவில்லை. அந்தப் பக்கத்துச் சுவர் முழுவதும் நனைந்த அட்டைபோல உள்ளே சரிந்து, மேல் விளிம்பு மடிந்து, அப்படியே இறுகியிருந்தது. யாரும் அழவில்லை. மகள் கைப்பிள்ளையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தின எண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"எண்ணுறதுலயே இருந்து, நாப்பதுலதான் பாத்தன். தண்ணி மாதிரிக் கிடந்தது. சிரட்டைய வைக்க முந்தி உள்ளுக்கு விழுந்திட்டு." கன்னை என் பக்கம் திருப்பி, "கன்னுல மூண்டுலதான் இரிக்கி. பாருங்க" என்றார். பார்த்தேன். மூன்றில்தான் இருந்தது.

அவர் கூரையில் தொங்கிய மின்குமிழைப் பார்த்தார். பகல் வெளிச்சத்திலும் அது கூசும்படி எரிந்தது.

"இப்ப மரக்கால ஓடுதா?"

"இல்ல ராத்தா. இன்னும் தொறக்கல்ல."

"மகள், அந்தத் துண்டுல ஒண்டு எடு."

இருந்த இடத்திலிருந்தே ஈர்க்கை வைத்து, கன்னைப் பிடித்து எண்ணினார். முப்பதில் துண்டு தெளிந்தது. இன்னொன்று எடுத்தார். முப்பது. கன்னை அணைத்து மேசையில் நிறுத்திவிட்டு, "இனி இருப்பம்" என்றார்.

நாங்கள் மூவரும் மரக்காலை திறக்கும்வரை அங்கேயே இருந்தோம். மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். இரண்டரை மணியளவில் வாள் சுழலும் சத்தம் எழுந்தது. முதல் குற்றிக்குள் அது இறங்கியதும் மின்குமிழ் மஞ்சளாகி மங்கியது. அவர் கன்னைப் பிடித்தார். நாற்பத்து நான்கு.

"இருவது வருசமா இந்த வளவுல லைட்டு மங்குறத நான் பாக்குறன்" என்றார் நிதானமாக. "அது கன்னுக்குள்ளயும் மங்கும் எண்டு யோசிக்கல்ல. துண்டச் சோதிச்சன், தூரத்தச் சோதிச்சன், காத்தச் சோதிச்சன். நேரத்தச் சோதிக்கல்ல."

மரக்காலை ஓடும்போது கறண்ட் தாழ்ந்து, கன் குறைந்த சூட்டில் வேலை செய்திருக்கிறது. அவர் மூன்று வாரமாக எண்ணி வைத்தது மரக்காலை ஓடும் நேரத்துக் கணக்கு. கடையில் வந்த நாற்பதும் பஸார் முழுக்கக் கறண்ட் இழுக்கும் பகல் நேரத்துக் கணக்கு. அது நின்ற நேரத்தில் அதே மூன்றாம் எண் வேறொரு சூடு. கடல் காற்று என்று அவர் சொன்ன நாளில் தலையாட்டிய எனக்கும் அதில் பங்கு இருந்தது.

மறுநாள் காலையில், பஸாருக்குப் போகவேண்டும் என்றார். மகள், "இண்டைக்கு வேணாம் உம்மா, ஆக்கள் என்ன செல்லுவாங்க" என்றாள். அவர் ஊன்றுதடியை எடுத்துவிட்டார்.

முதலாளிக்குப் பழைய பரீட்சை நினைவில் இருந்தது. கன்னைப் பையிலிருந்து எடுத்ததுமே, "பெயிலான சாமானத் திருப்பி எடுக்க ஏலா ராத்தா" என்றார்.

"கன் பாஸ்தான். கதிரைக்கு அது போதும்" என்றார், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "பெயிலானது நான். மற்றதக் காட்டுங்க."

முதலாளி திரை வைத்ததை எடுத்து, அவர் கேட்கும் முன்பே பிளக்கில் செருகிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் முழுவதும் அந்தக் கொட்டிலில் நடந்ததை என் மனைவியும் அவருடைய மகளும் சொல்லித்தான் அறிவேன். விடியச் சுபஹு தொழுத கையோடு ஒரு துண்டு. மரக்காலை ஓடும்போது ஒரு துண்டு. மஃரிபுக்கு ஊரே விளக்குப் போடும்போது ஒன்று. எந்த நேரத்திலும் புதிய கன் முப்பத்தாறிலிருந்து ஒன்று கூடவோ குறையவோதான் வந்தது. கறண்ட் ஏறினாலும் இறங்கினாலும் அது தன் சூட்டைத் தானே பிடித்துக்கொள்ளும் வகை. திரையில் ஓடும் எண்ணுக்கு மேல் அவர் ஒரு துணித் துண்டை ஒட்டியிருந்தாராம். எண் சரியாக இருக்கட்டும், தான் பார்க்கத் தேவையில்லை என்று.

சரிந்த கூட்டை அப்படியே நிலையத்துக்குக் கொண்டுபோகும்படி எல்லோரும் சொன்னோம். புதிய கூட்டுக்கு முறை வர மாதங்கள் ஆகும், அதுவரைக்கும் கால் இல்லாமல் இருந்தால் இனிச் செய்யும் கூடும் பொருந்தாது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். "கொண்டு போவன். திருத்திட்டுக் கொண்டு போவன்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை, அதே ஜும்ஆ நேரம், மரக்காலை நின்றபின், முதலில் ஒரு துண்டில் பார்த்துவிட்டுக் கூட்டை எடுத்தார். மடிந்த விளிம்பைத் தெளிய வைத்து நிமிர்த்தினார். ஆறவிட்டார். பிறகு சுவரைச் சூடாக்கி, சிரட்டையால் உள்ளேயிருந்து தள்ளி, எலும்பு முனைக்கு இடம் விட்டார். நான் அப்போது பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

திரும்பி வந்தபோது கால் போடப்பட்டிருந்தது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்புடி ராத்தா?"

"எனக்கு ஒண்டும் வலிக்கல்ல" என்றார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "வலிக்காதது பெரிய சாட்சி இல்ல தம்பி. எண்ட தோல் எனக்கிட்ட உண்ம செல்லுறல்ல."

அரை மணித்தியாலம் நிற்பது, கழற்றுவது, மகள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துத் தோலைச் சுற்றிப் பார்ப்பது. மறுநாள் ஒரு மணித்தியாலம். அதற்கு மறுநாள் இரண்டு. மகள் பார்த்த பிறகு என் மனைவியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். மகள் தாய்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்லிவிடலாம் என்பது அவர் கணிப்பு. நான்காம் நாள் இருவரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள். சிவப்பு இல்லை.

அதன் பிறகுதான் மட்டக்களப்பு பஸ் ஏறினார். மகள் கூடப் போனாள். அங்கே நடந்ததை அன்று மாலை எங்கள் வீட்டில் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

கால் செய்கிறவர் கூட்டை வாங்கி யன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். விரலால் உள்ளே தடவினார். வெட்டிய காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை ரெண்டு தரம் சூடாக்கியிருக்கிறீங்க."

"ஓம்."

"முதல் தரம் பிழைச்சுப் போச்சு."

"ஓம்."

"சுவர் கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. இனி இந்த இடத்தைத் தொடவே வேணாம். புதுசுக்கு இண்டைக்கே அளவெடுப்பம். அது வரும்வரைக்கும் இது தாங்கும்." பிறகு வைத்தியருக்கான துண்டில் எதையோ எழுதி, அதை வாசித்தும் காட்டினார். தோல் நன்றாக இருக்கிறது. முழங்காலுக்குப் பயமில்லை.

கூடு திருத்தினால் உட்பக்கத்தில் அழியாத மையால் திகதி எழுதுவது அவர் வழக்கமாம். பேனையைத் திறந்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு அதை இவரிடம் நீட்டினார். இவர் வாங்கித் திகதியை எழுதினார். அதன் கீழே, 'வெள்ளி, மரக்காலை நிண்ட நேரம்' என்றும் எழுதினார்.

அவர் வாசித்துப் பார்த்தார். "அது என்ன மரக்காலை?"

இவர் காலைப் போட்டு, வாரை இறுக்கி, எழுந்து நின்றார். மேசையில் கிடந்த அவருடைய ஹீட் கன்னைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதுவும் பின்பக்கம் சில்லு வைத்தது, டிகிரி காட்டாதது.

"நீங்க இத எந்த நேரத்துல சோதிச்சீங்க மகன்?" என்று கேட்டாராம்.